விமான வாலுக்குத் தகடு தேடி ஓசூர் வரை

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்காக நானும் சேவியர் அண்ணனும் சேர்ந்து ஒரு பழைய இரட்டை எஞ்சின் விமானம் செய்துகொண்டிருந்தோம். உருவம் அவர் வேலை. அதன் மேல் உலோகத் தோல் போர்த்துவது என் வேலை. பெயிண்ட் அடிக்காத வெறும் அலுமினியம் என்பதால் நாய் படாத பாடு. கொஞ்சம் பிசகினாலும் பிளாஸ்டிக் குடம் மாதிரி ஆகிவிடும். அண்ணன் ஓசூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருந்தார். அங்கே கிடக்கும் தகடுகளைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார், நான் அதை விமானத்தில் ஒட்டுவேன். ஆனி மாதம் மாரடைப்பில் போய்விட்டார். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை, பேச்செல்லாம் ஃபோனில்தான். வால் மட்டும் பாக்கி இருந்தது. அதற்குத் தகடு தேடித்தான் ஆடி மாதத்து ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

ஊத்தங்கரையில் காலை ஆறு மணிக்கு பஸ். கிருஷ்ணகிரி சுமார் ஐம்பது கிலோமீட்டர், அங்கே மாறி ஓசூருக்கு இன்னொரு ஐம்பது. சூளகிரி தாண்டியதும் தூறல். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விட்டார்கள். "ஆனைக்கு ஏதுங்க டைம் டேபிளு?" என்று கண்டக்டர் அலுத்துக்கொண்டார். ஓசூரில் இறங்கும்போது பத்து மணி. ஆட்டோக்காரர் முதலில் கன்னடத்தில் கேட்டார், பிறகு தெலுங்கில், கடைசியில் தமிழில். பட்டறை இருக்கும் சிப்காட்டுக்கு நூற்று இருபது ரூபாய் வாங்கினார்.

தகட்டைப் படமெடுக்கப் போகிறவர்கள் வெயில் நாளில் போகாதீர்கள். பளபளக்கும் தகடு எதிரில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். சூரியன் விழுந்தால் அந்த வெள்ளைப் பொட்டை எடுக்கவே முடியாது. எனக்கு அன்று வானம் முழுக்க ஒரே சாம்பல். வேலைக்குத் தோதான வெளிச்சம்தான், மனசுக்குத்தான் தாங்கவில்லை.

பட்டறையில் ஃபோர்மேன் கிருஷ்ணப்பா உள்ளே கூட்டிப்போனார். "சேவியரு இங்கதான் சார் நிப்பாரு. சாப்பாட்டு டைம்ல ஃபோனத் தூக்கிட்டு வந்து தகட போட்டோ புடிப்பாரு. தகட்டுக்கு என்ன கல்யாண ஆல்பமாப்பா போடறன்னு ஓட்டுவோம்" என்றார். ரிவெட் ஆணி அடித்த தகடுகளை ஒரு மணி நேரம் எடுத்தேன். கீறல் விழாமலிருக்க மேலே ஒட்டியிருக்கும் நீலத் தாளை உரித்துவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் உலோகம் நீலம் பாய்ந்து கிடக்கும். கையைக் கொண்டு தடவாதீர்கள், ரேகை விழும்.

மதியம் பாகலூர் ரோட்டில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மேரி அண்ணிதான் கதவைத் திறந்தார். "வாங்க தம்பி. உங்க குரல்தான் தெரியும் எனக்கு" என்றார். லேப்டாப்பைத் திறந்து விமானத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். இறக்கையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல அவரு எங்க தம்பி?"

எனக்கு விளங்கவில்லை.

"ஒருநாள் எறக்கைக்குன்னு எடுத்த படத்த ஃபோன்ல காட்டுனாரு. 'மேரி, எறக்கைல நான் நிக்கிறேன் பாரு'ன்னாரு. தகட்டுல அவரே தெரிஞ்சாரு. ஃபோன்ல எடம் பத்தலன்னு உங்களுக்கு அனுப்புனதும் அழிச்சிடுவாரு. எங்கள எடுக்கறதோட சரி, அவருக்குன்னு ஒரு நல்ல போட்டோ கெடையாது. உங்ககிட்ட இருக்கும்னு நெனச்சிட்டு இருந்தேன்."

எங்கள் தொழிலில் முதல் வேலையே அதுதான்: படம் எடுத்தவரின் பிம்பம் தகட்டில் விழுந்திருக்கும், அதைத் துடைப்பது. ஒவ்வொரு படத்திலும் நடுவில் ஒரு மங்கலான உருவம் நிற்கும். பாட்டுக் கேட்டுக்கொண்டே அதை அழிப்பேன், அழித்ததை அசல் மேலேயே சேமிப்பேன். இடது இறக்கை, வலது இறக்கை, மூக்கு, வயிறு என்று எத்தனை சேவியரை அழித்திருக்கிறேன்!

"நான் அழிச்சிட்டேன் அண்ணி" என்றேன்.

"நீங்க என்ன பண்ணுவீங்க, அதுதான வேலை" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் அண்ணனின் ஃபோனை எடுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது, அப்படியே அணைந்து கிடந்திருக்கிறது. சார்ஜ் போட்டோம். பூட்டைத் திறக்க அண்ணிக்குத் தெரிந்திருந்தது. கடைசியாக எடுத்த நான்கு படங்களும் அலுமினியத் தகடு. வாலுக்கு நான் கேட்டிருந்த அதே அளவு, அதே ரிவெட் வரிசை. எடுத்து வைத்திருக்கிறார் மனுஷன்! அனுப்பத்தான் நேரமில்லை.

அண்ணி பெரிதாக்கச் சொன்னார். சாம்பல் நிறப் பட்டறைச் சட்டை தெரிந்தது. கழுத்தில் அடையாள அட்டை. தூக்கிய இரண்டு கைகள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபோன். நான்கு படத்திலும் அப்படியே.

"மொகத்த மறைச்சிக்கிட்டாரே, பாவி மனுசன்" என்று சிரித்தார் அண்ணி. சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான்கு படங்களையும் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டேன். அண்ணி வைத்திருந்த டீ ஆறிப்போயிருந்தது, குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பட்டறையில் நான் எடுத்த படங்களில் ஒன்றைக்கூடப் பயன்படுத்தவில்லை, வாலுக்கு அண்ணன் எடுத்ததையே போட்டேன். போகிறவர்களுக்கு என் யோசனை: குடை எடுத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை மதியத்துக்குள் பட்டறை வேலையை முடியுங்கள், பிந்தினால் திரும்பும்போது கிருஷ்ணகிரி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. எந்தப் படத்தையும் துடைப்பதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து வையுங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எடுத்து வையுங்கள்.

எங்கள் விமானத்தை இணையத்தில் இறக்கிக்கொள்கிறவர்களுக்கும் ஒன்று. வாலின் இடது பக்கம் நான் துடைக்காமல் விட்ட ஒரு கறை தெரியும். வெளிச்சம் மாறினாலும் அது மாறாது. ராத்திரியில் பறந்தாலும் அதில் மேகம் மூடிய மதியம்தான். பிழை என்று எழுதாதீர்கள், திருத்த மாட்டேன்.

முதல் முறை பறக்கவிட்டு அண்ணிக்கு வீடியோ காலில் காட்டினேன். வால் பக்கம் திருப்பச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க தம்பி."

போனேன்.

"இன்னும் கொஞ்சம்."

போகப் போகச் சட்டை கலைந்தது, கைகள் கலைந்தன. கடைசியில் திரை முழுக்க வெறும் தகடுதான் இருந்தது. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.