மூத்தவளின் லேப்டாப்

செத்துப்போனவள் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா என்று என் அக்கா கேட்டாள். ஏன், படக்கூடாதா? உயிரோடு இருப்பவள் என்றால் முடியைப் பிடித்து ஒரு சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இவளோடு எப்படிப் போடுவது? என் வீட்டுக்காரரின் முதல் மனைவி, காய்ச்சலில் போனவள். நான் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வந்தபோது அவள் புடவைகளையெல்லாம் அவள் அம்மா எடுத்துப் போயிருந்தாள். மிச்சமிருந்தது பீரோ மேல் ஒரு லேப்டாப். அவள் சொந்தச் சம்பளத்தில் வாங்கியதாம்.

அதற்குள்தான் அவள் குடியிருந்தாள். அவர் வேலைக்குப் போனதும் திறந்து திறந்து பார்ப்பேன். ஒரு போட்டோவில் பெரியபாளையத்து அம்மன் கோயிலில் வேப்பிலை ஆடை கட்டிக்கொண்டு நிற்கிறாள். இவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது வேண்டிக்கொண்டதாம். பக்கத்தில் இவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் இதே மனிதர் ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் மாதிரி இருக்கிறார்.

கவரைப்பேட்டை டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்குப் பழைய லேப்டாப் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், இதைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். மாட்டேன் என்பார், ஒரு பிடி பிடிக்கலாம் என்று தயாராக இருந்தேன்.

“குட்த்துடு. சும்மாத்தான கெடக்குது” என்றார்.

“உள்ள போட்டோல்லாம் கீதே?”

“அயிச்சிடு மே. இன்னாத்துக்கு அத்த வெச்சிக்கினு?”

எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

சிப்காட்டில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் தரம் பார்க்கிறவள். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் சிவப்புப் பெயின்ட் அடிப்போம். அதோடு ஸ்கிராப்புக்கு அனுப்பிவிட மாட்டோம். பெயின்டைத் துடைத்துவிட்டு எவனாவது விற்றுவிடுவான். சுத்தியலால் அடித்து உடைத்த பிறகுதான் கேட்டைத் தாண்டும். இவளையும் அப்படித்தான் அனுப்புவது என்று முடிவு செய்தேன். டெலீட் செய்தால் பெயர்தான் போகும், படம் உள்ளேயே இருக்கும், மீட்டுவிடலாம் என்றார் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். டிஸ்க் முழுக்க வெறும் சைபராக எழுதி நிரப்புகிற புரோகிராம் ஒன்றைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. பேட்டரி செத்த லேப்டாப், உடனே அணைந்தது. போக மாட்டேன் என்கிறாள் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். முடிந்ததும் புதிதாக விண்டோஸ் ஏற்றி, அழிந்ததை மீட்கிற புரோகிராமையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. அன்றைக்கு அவருக்குக் கறிக்குழம்பு வைத்தேன்.

அடுத்த வாரம் இரண்டு பேருமாகக் கவரைப்பேட்டைக்குப் போனோம். டீச்சரம்மா மேசையில் வைக்கச் சொன்னார். இவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்தார். ட்யூப்லைட் கொடுத்தாலும் உபயம் என்று அதன் மேல் பேர் எழுதி வைக்கிற ஊர் இது. எங்கள் இரண்டு பேர் பெயரையும் அடித்து வந்திருக்கிறார் என்று ஆசையாக எட்டிப் பார்த்தேன். அவள் பெயர். சிவப்பு எழுத்தில், நினைவாக என்று. அதற்குக் கீழே ‘உபயம்: அன்புக் கணவர்.’ காற்று நிற்காதபடி கட்டைவிரலால் தடவித் தடவி ஒட்டினார்.

அன்புக் கணவராம்! பக்கத்தில் நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன்.

டீச்சரம்மா அதைப் படித்தார். அவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க எறந்தவங்களுக்கு இன்னா வேணும்? தங்கச்சியா?”

இவர் சொல்லுவார் என்று பார்த்தேன். ஸ்டிக்கரின் ஓரத்தை இன்னொரு தடவை அழுத்திக்கொண்டிருந்தார்.

“நான் யாருமில்லீங்க” என்றேன். “அத்த அயிச்சிக் குட்த்தவ.”