இடது ஐந்து

மாதனூரில் கம்பெனி பஸ் ஏறும்போது மோகனா வலதுகாலைப் படியில் வைத்துவிட்டு, இடதுகாலுக்கு ஒரு கணம் காத்திருப்பாள். பாஸ்கெட்பாலில் போன முட்டி. இருபது வருடமாக ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறாள். அதற்கு முன் பல்கலைக்கழகத்தின் முதல் பெண்கள் அணியில் ஆடினாள்.

அந்த அணிக்குப் பந்து கொடுத்தார்கள், பனியன் கொடுத்தார்கள். எண் கொடுக்கவில்லை. விடுமுறையில் அப்போதே கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த மோகனா, மிஞ்சிய மெல்லிய தோலில் எண்களை வெட்டித் தைத்து வந்தாள். கம்பெனியில் எதையும் ஜோடியாகத்தான் வெட்டுவார்கள். அட்டையை வைத்து வலது, அதையே திருப்பி வைத்து இடது. கை பழக்கத்தில் அப்படியே செய்துவிட்டது. நெஞ்சில் எண்கள் நேராக இருந்தன. முதுகில், கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தன. எட்டும் பதினொன்றும்தான் தப்பின.

"இன்னா தோஸ்த் இது, என் முதுகப் பாத்தே எதிர் டீம் பேஜார் ஆயிடும்" என்றாள் ஐந்தாம் எண் ஹலீமா.

காலிறுதியில் தோற்றார்கள். அன்று எல்லோரும் முதுகைக் காட்டி வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஜனவரியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பல்கலைக்கழக அரங்கத்தில் மாட்டினார்கள். விளையாட்டு இயக்குநர் வசந்த் கூப்பிட்டார் என்று மார்ச்சில் மோகனா அரைநாள் லீவு போட்டுப் போனாள். படத்தில் எண்கள் நேராக இருந்தன.

"பழைய பிரின்ட்ல எல்லாம் இடவலம் மாறியிருந்துது மேடம். கடையில சொல்லித் திருப்பிட்டோம்" என்றார் வசந்த்.

கீழே பெயர்களைத் திருப்பவில்லை. இடது ஓரத்தில் ஹலீமா என்று போட்டிருந்தது. அங்கே நின்றது மோகனாவின் முதுகு. ஏழு.

சொல்ல வாயெடுப்பதற்குள், ஏழாம் எண் ஜெர்சி போட்ட ஒரு பெண் வந்து அந்த முதுகைத் தொட்டாள்.

"அஃப்ஷா. ஹலீமா மேடம் பொண்ணு" என்றார் வசந்த். "மேட்சுன்னா இதத் தொடாம இறங்க மாட்டா."

ஹலீமா இறந்து, மய்யத்தைப் பார்க்க மோகனா வாணியம்பாடி போனபோது இவளுக்குப் பத்து வயது.

"அம்மா ஆடுன காலத்து போட்டோ இது ஒண்ணுதான் ஆன்ட்டி. அதான் ஏழு கேட்டு வாங்கினேன்."

சொல்லாமல் போய்விடலாம். மோகனா வாசல்வரை போனாள். திரும்பிப் பார்த்தாள். வலது ஓரத்தில், யாரும் தொடாத முதுகு.

திரும்பி வந்தாள். "கண்ணு, நீ தொட்றது என்னை. அம்மா அந்தக் கடைசியில நிக்கிறா."

அஃப்ஷா சிரித்தாள். மோகனா வலது இடதைச் சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றது.

"அப்ப இத்தன நாளா உங்களுக்கா சலாம் சொன்னேன்?"

"அதான் முட்டிவலி கம்மியாச்சு போல."

அஃப்ஷா வலது ஓரத்துக்குப் போனாள். ஐந்தின்மேல் கையை வைத்து, எடுக்காமல் நின்றாள். "இனிமே நம்பர் மாத்த முடியாது ஆன்ட்டி. லிஸ்ட் போய்டுச்சு."

மறுநாள் டீ நேரத்தில் மோகனா மெல்லிய துண்டுத் தோலில் ஓர் ஐந்து வெட்டினாள். கை இரண்டாக வெட்டியது, ஒன்று நேராக, ஒன்று திரும்பி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன், அஃப்ஷாவின் வெள்ளை ஜெர்சியைப் புரட்டி, ஏழுக்குக் கீழே, முதுகின் உள்பக்கம், இடது ஐந்தை வைத்துத் தைத்தாள்.

"ராங்கா வெச்சிட்டீங்க ஆன்ட்டி."

"போட்டுக்க. வெளியிலேர்ந்து சரியாத்தான் இருக்கும்."

ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் வியர்வையில் துணி முதுகோடு ஒட்டியது. ஏழுக்குக் கீழே ஐந்து மங்கலாகத் தெரிந்தது, நேராக.