நான் நிறைத்த இறால் சட்டி

எங்கள் பள்ளிக்கூடத்து வலைப்பந்து அணியில் பந்தை வளையத்துக்குள் போடுவது அக்காவின் வேலை. பள்ளிக்கூடம் விட்டபின் வாவிக்கரை வாடியில் இறாலுக்குக் கோது உரிப்பதும் அவளுடைய வேலைதான். முதலாவது வேலைக்கு மூன்றரை மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். இரண்டாவது வேலைக்கு இரண்டு மணியிலிருந்து ஐந்தரை வரை இருந்த பலகையை விட்டு எழும்பக் கூடாது. இருக்கிற ஒரு அக்காவை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதுதான் அந்த வருடம் எங்கள் வீட்டின் பெரிய கவலை.

பெரியகல்லாற்றில் எங்கள் வீடு. யுத்தத்தால் இரவில் வாவியில் தோணி விடக் கூடாதென்று தடை இருந்த காலம் அது. அப்பா இரவு வலைக்காரர். பகலில் போய் அவர் கொண்டுவருவது எங்கள் கறிக்கே காணாது. அக்கா சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவள் வாடிக்குப் போனால்தான் வீட்டில் உலை வைக்கலாம் என்று இருந்தது.

வாடி என்றால் நாலு கம்பத்தின்மேல் தகரம் போட்ட கொட்டகை. எட்டுப் பெண்கள் வரிசையாக இருப்பார்கள். ஆளுக்கொரு பலகைக்கட்டை, ஆளுக்கொரு சட்டி. உரித்த இறாலை ஐஸ் போட்டு ஏற்றிக்கொண்டு லொறி ஐந்தரைக்குப் புறப்பட வேண்டும். ஆறு மணிக்குப் பெரிய றோட்டுச் சோதனைச் சாவடியைப் பூட்டிவிடுவார்கள். அதனால் ஐந்தரைக்குள் ஆளுக்கு இரண்டு சட்டி நிறைய வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். இரண்டு நாள் குறைந்தால் அந்தக் கட்டை வேறொருவருக்குப் போய்விடும். அப்படி ஒரு கட்டை கிடைக்காதா என்று வேலிக்கு வெளியே எப்போதும் இரண்டு மூன்று பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

விளையாட்டு டீச்சர் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். மாசியில் நடந்திருக்க வேண்டிய வலயப் போட்டி, நாட்டு நிலைமையால் தள்ளித் தள்ளிக் கார்த்திகைக்கு வந்திருந்தது. அக்கா பயிற்சிக்கு வராவிட்டால் அணியில் சேர்க்க ஏலாது என்று சொன்னார்.

"இவள் இல்லாட்டி எங்களுக்குக் கோல் விழாதம்மா" என்றார் டீச்சர்.

"கோல் விழாட்டி ஆரும் பட்டினி கிடக்கப்போறல்ல டீச்சர்" என்று அம்மா தேத்தண்ணியைக் கொடுத்தார்.

அக்கா அடுத்த நாள் இரண்டு மணிக்கு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதலாளியின் முன்னால் நிறுத்தினாள். மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை தன் கட்டையில் தம்பி இருப்பான், ஐந்துக்குத் தான் வந்துவிடுவேன் என்றாள். எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு.

முதலாளி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவன்ட விரலும் றாலும் ஒரே அளவில இரிக்கி. மாறி விரல உரிச்சிப் போட்டானெண்டா நான் கொழும்புக்கு என்ன சொல்ற?"

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "சட்டி குறையாது முதலாளி. குறைஞ்சா நாங்க ரெண்டு பேரும் வரல்ல."

"அப்பிடியெண்டாச் சரி. எனக்குச் சட்டி நிறைஞ்சாக் காணும். ஆரு நிறைச்சாலும் ஒண்டுதான்."

இப்படித்தான் நான் உழைப்பாளியானேன்.

எனக்கு வலப்பக்கத்தில் இருந்தவர் அப்பாவுக்குத் தங்கை முறையான மாமி. அவர் மெதுவாகக் கதைத்தாலே வாவியின் அக்கரைக்குக் கேட்கும். இறாலின் தலையை எப்படித் திருகுவது, தலைமுள் குத்தாமல் எங்கே பிடிப்பது, வாலை எப்படி இழுத்துக் கழற்றுவது என்று அவர்தான் காட்டித் தந்தார். முதல் பத்து நிமிடத்தில் மூன்று முறை குத்து வாங்கினேன். ஆனால் அழவில்லை.

கொஞ்ச நேரம் போயிருக்கும். "மனே, அந்தா காகம் வந்தித்து. ஓடு, ஓடு, கலைச்சித்து வா" என்றார் மாமி. கழித்துப் போட்ட தலைகளுக்காகக் காகங்கள் எப்போதும் வேலியில் குந்தியிருக்கும். நான் ஒரு தென்னம்மட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். காகங்களை வாவிவரை கலைத்துவிட்டுத் திரும்பி வந்து கட்டையில் இருந்தால், என் சட்டி நான் நினைத்ததை விட நிறைந்திருந்தது. இவ்வளவையும் நானா உரித்தேன் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு நான்தான் என்று முடிவு செய்தேன். பத்து வயதில் மனிதன் தன்னைப்பற்றி எதைச் சொன்னாலும் நம்புவான்.

அன்றைக்கு ஆறேழு தரம் காகம் வந்தது. ஒருதரம் மாமி அனுப்பினார். ஒருதரம் இடப்பக்கத்தில் இருந்த இளம் பெண் அனுப்பினார். மறுகோடியில் இருந்த பெரியம்மாகூட என்னைத்தான் கூப்பிட்டார். போய்ப் போய் வந்தும் என் சட்டி குறையவில்லை. எனக்குக் கர்வம் தலைக்கு ஏறிவிட்டது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மட்டையை ஊன்றிக்கொண்டு நின்று சொன்னேன்:

"உங்களுக்குக் காகம் கலைக்கவும் நான்தான் வேணும். றால் உரிக்கவும் நான்தான் வேணும். நீங்க எட்டுப் பேரும் என்னத்துக்கு இரிக்கீங்க?"

"எட்டில்லடா, ஏழு. எட்டாவது ஆள் நீதானே" என்றார் மாமி. அதற்குமேல் அவரால் கதைக்க முடியவில்லை. இளம் பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் தோள்மூட்டில் துடைத்துக்கொண்டார். கை இறால் நாற்றம் அல்லவா.

வீட்டிலும் என் பெருமைதான். "அக்கா, நீ யோசிக்காமப் பந்து விளையாடு. வாடிய நான் பாத்துக்குவன்" என்று சோற்றுக் கோப்பையை நீட்டிக்கொண்டு சொல்வேன். அம்மா கூடுதலாக ஒரு அகப்பை போடுவார். அப்பா வலை பொத்துவதை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை பார்ப்பார்.

ஆனால் அக்கா செய்த ஒரு வேலை எனக்குப் பிடிக்கவில்லை. முதல் நாள் ஐந்து மணிக்கு, வியர்வை வழிய ஓடிவந்தவள், என் சட்டியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு வரிசையைப் பார்த்தாள். ஒருவரும் தலை நிமிரவில்லை. எல்லோரும் அன்றைக்குத்தான் இறாலை முதன்முதல் கண்டவர்கள்போல உரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைத் தள்ளிவிட்டு இருந்து உரிக்கத் தொடங்கினாள். அவள் கை ஓடுவதைப் பார்க்கக் கண் காணாது. உரித்ததை எங்கள் சட்டியில் போட்டாளா? இல்லை. ஒரு பிடி மாமியின் சட்டிக்கு. ஒரு பிடி இளம் பெண்ணின் சட்டிக்கு. எழும்பிப் போய் ஒரு பிடி பெரியம்மாவின் சட்டிக்கு.

"அக்கா! அது எங்கட றால்!"

"சத்தம் போடாத."

"நான் கஷ்டப்பட்டு உரிச்சி வைக்கிறன், நீ வந்து எல்லாருக்கும் பங்கு வைக்கிறாய்."

"வாய மூடுடா."

தினமும் இதுதான் நடந்தது. பந்து விளையாடி விளையாடி, கையில் எது வந்தாலும் அடுத்தவருக்குக் கொடுத்துப் பழகிவிட்டாள் என்று நான் நினைத்தேன்.

வலயப் போட்டி ஒரு சனிக்கிழமை களுதாவளையில் நடந்தது. அதற்கு இரண்டு நாளைக்கு முன்னர்தான், மழையில் வாவி முட்டி வீடுகளுக்குள் தண்ணீர் வரப் பார்க்கிறது என்று, கடலோரத்து மணல்மேட்டை வெட்டி ஆற்றுவாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆற்றுவாய் வெட்டினால் தண்ணீரோடு இறாலும் கடலுக்கு ஓடும். வலை பிடித்தவர்களுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் கிடைக்கும், ஆனால் பொடி இறால்தான், உரித்துச் சட்டி நிறைக்க இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். போட்டியன்று காலை வாடியில் இறால் குவியல் என் நெஞ்சுயரம் இருந்தது. முதலாளி வந்து, இன்றைக்கு ஆளுக்கு மூன்று சட்டி, லொறி ஐந்து மணிக்கே வெளிக்கிடும் என்றார். அக்காவின் கட்டையையும் என்னையும் பார்த்தார். "இண்டைக்குக் குறைஞ்சா நாளைக்கு இந்தக் கட்டையில வேற ஆள்தான். நான் முதலே சொல்லித்தன்."

அக்கா விடியவே பஸ் ஏறிப் போய்விட்டிருந்தாள். காலை எட்டு மணியிலிருந்து நான் தனி ஆள்.

அன்றைக்கு ஒருவரும் கதைக்கவில்லை. மாமியின் பெருவிரலில் தலைமுள் ஏறி வீங்கியிருந்தது. துணி சுற்றிக்கொண்டு உரித்தார். காகம் கலைக்க என்னை ஒருவரும் அனுப்பவில்லை. மத்தியானமாகியும் எனக்கு ஒரு சட்டிதான் முடிந்திருந்தது. இரண்டாவது சட்டி மூன்று மணிக்கும் பாதியில் நின்றது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் கைக்கு என்ன நடந்தது? இவ்வளவு நாளும் ஓடிய கை இன்றைக்கு ஏன் ஓடவில்லை? கட்டை போய்விட்டால் அக்கா என் முகத்தில் முழிப்பாளா? கண் கலங்கியது. நாற்றக் கையால் துடைத்ததில் கண் எரிந்தது.

மாமி என்னைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார்.

"மனே, காகம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். வேலியில் ஒன்றும் இல்லை. "காகம் இல்லையே மாமி."

"வரும். போய் நில்லு."

"எனக்கு இன்னும் ஒண்டரைச் சட்டி இரிக்கி—"

"நான் சொல்றன், போடா. வந்தாக் கலை. வராட்டி வர்ற வரைக்கும் நில்லு."

மாமியின் சொல்லைத் தட்ட முடியாது. வராத காகத்துக்காக மட்டையோடு வேலியோரம் நின்றேன். கூப்பிட்டார்கள், வந்தேன். மறுபடி அனுப்பினார்கள், போனேன். ஐந்து மணிக்கு என் மூன்றாவது சட்டி கோபுரமாக நிறைந்திருந்தது. வேலியோரம் போகுமுன்னரே பயத்தில் என் கை வேகமாக ஓடியிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

முதலாளி தராசோடு வந்தார். மாமியின் மூன்றாவது சட்டி இரண்டு விரல் குறைவு. அடுத்தவருடையதும் இரண்டு விரல் குறைவு. ஏழு பேருக்கும் சொல்லிவைத்தாற்போல் அதே இரண்டு விரல். என்னுடையது மட்டும் நிறைந்து வழிந்தது. முதலாளி வரிசையை ஒருமுறை பார்த்தார், என் சட்டியை ஒருமுறை பார்த்தார்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "நான் மட்டுந்தான் முதலாளி நிறைச்சிருக்கன். இவங்க ஒருநாளும் நிறைக்கிறல்ல. அக்காதான் தினமும் எங்கட றால இவங்கட சட்டிக்குப் போட்டுக் குடுக்கிற."

மாமி துணி சுற்றிய விரலை மடிக்குள் வைத்துக்கொண்டார். வேலிக்கு வெளியே நின்ற பெண்கள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளி என் தலையில் கை வைத்தார். "ஓமடா தம்பி, நீதான் கெட்டிக்காரன். இவளுகளுக்கும் கொஞ்சம் பழக்கிக் குடு." லொறிக்காரனிடம் திரும்பி, "தராசு இண்டைக்குச் சரியில்ல. எல்லாம் நிறைச் சட்டிதான். ஏத்து, ஏத்து, கெதியா ஏத்து" என்றார்.

தராசு சரியாகத்தானே இருந்தது, இவர் என்ன முதலாளி என்று நான் நினைத்தேன்.

வாசிக்கிற உங்களுக்கு எப்போதோ விளங்கியிருக்கும். எனக்கு விளங்க இருபது வருடத்துக்குமேல் பிடித்தது. அடுத்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த சனங்கள் வந்து தங்கியிருந்தார்கள். திரும்பத் திறந்தபோது நான் போகவில்லை. வாடிக்கு நான் இல்லாவிட்டால் சரிவராது என்பது என் எண்ணம். அப்படியே தொழிலில் இறங்கிவிட்டேன். பின்னொரு நாள் என் மகள், அவளுக்கும் பத்து வயது, இறால் உரிக்கத் தரச் சொல்லி அடம்பிடித்தாள். கொடுத்தேன். இரண்டு மணித்தியாலம் ஒரே இருப்பாக இருந்து உரித்தாள். ஒரு சின்னக் கிண்ணத்துக்குத்தான் வந்தது. அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

அந்த ஏழு பேரில் மூவர் இப்போது இல்லை. மாமியும் இல்லை. மற்றவர்களைச் சந்தையிலோ கோயிலிலோ காண்பேன். சொல்ல வேண்டும் என்று கிட்டப் போவேன். "என்ன மனே, சுகமா?" என்பார்கள். "ஓம்" என்பேன். எனக்கு அதற்குமேல் வாய் வராது. அதனால்தான் இதை எழுதினேன்.

அன்று லொறி போனபிறகும் பெண்கள் வீட்டுக்குப் போகவில்லை. கை கழுவிவிட்டு றோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். களைப்பு ஆறுகிறார்கள் என்று நினைத்தேன். சாவடி பூட்டுகிற நேரத்துக்குச் சற்று முன் கடைசி பஸ் வந்தது. அக்கா பள்ளிக்கூட விளையாட்டுப் பாவாடையோடு இறங்கி ஓடிவந்தாள்.

"என்னகா புள்ள, வெண்டாச்சா?" மாமியின் சத்தம் பஸ்ஸுக்குள்ளும் கேட்டிருக்கும்.

அக்கா தலையாட்டினாள்.

"எத்தின கோல்?"

"பதினொண்டு."

"பதினொண்டும் நீயா?"

"பத்து. ஒண்டு மற்றப் புள்ள போட்டவ."

"சீ, அதையும் நீயே போட்டித்து வந்திரிக்கலாமே."

அக்கா சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்தாள். இடைவேளையில் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்ததாம். அவள் தின்னாமல் கொண்டுவந்திருந்தாள். அதை உரித்து, நாற்றக் கையால் தொட வேண்டாம் என்று, ஒவ்வொரு பெண்ணின் வாயிலும் தானே ஒரு சுளை வைத்தாள். மாமியின் துணி சுற்றிய விரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலாளிக்கும் ஒன்று கொடுத்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாயைத் திறந்தார். அம்மாவுக்கென்று ஒன்றைக் கைலேஞ்சியில் முடிந்தாள். மிஞ்சிய கடைசிச் சுளையை எனக்குத் தந்தாள்.

மூன்று சட்டி நிறைத்தவனுக்கு ஒரு சுளை. இரண்டு விரல் குறைத்தவர்களுக்கும் ஒரு சுளை. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. வீடு வரும்வரை நான் அக்காவோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.