பார்சிலோனா சந்தையில் ஐந்து கோழிகள்

பாலாற்றங்கரையில் நிற்கும், தோல் பதனிடும் நம் ஷாப்பின் கல் தொட்டிகள் எல்லாம் நான் பக்கத்தில் நின்று கட்டவைத்தவை. மண்ணே போதும் என்று சொன்ன கொத்தனாரைத் துரத்திவிட்டு வேறு ஆளை வைத்துக் கட்டினேன். தோல் உலர்த்தும் கொட்டகையும் நான் போட்டதுதான். முதல் புயலுக்கே பறந்துவிடும் என்றார் வேலூரிலிருந்து வந்த ஓவர்சீயர். ஓவர்சீயர் வேலையை விட்டே போய்விட்டார், கொட்டகை நிற்கிறது. தோலை ரகம் பிரிக்கும் சார்ட்டிங் கூடத்துக்கு வடக்குப் பக்கம் ஜன்னல் வைத்தால்தான் தோலின் குற்றம் கண்ணில் படும் என்று அடம் பிடித்து வைக்கச் சொன்னவன் நான். தண்ணீரே வராது என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டவைத்தேன், அந்தக் கிணறு எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுண்ணாம்புத் தண்ணீரில் கால் வெந்த கூலியாக உள்ளே நுழைந்து ஹெட் சார்ட்டிங் மேஸ்திரி ஆனேன். ஆம்பூரில் மாடி வைத்த வீடு கட்டினேன்.

இதையெல்லாம் முனிசாமி இல்லாவிட்டால் ஒரு கந்தசாமி செய்திருப்பான் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் ஸ்பெயின் தேசத்தில் நான் போய்க் கோழி வாங்கியதை எந்தக் கந்தசாமியும் செய்திருக்க முடியாது. இந்த ஷாப்பு பிழைத்தது அந்தக் கோழியால்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நடந்ததை நடந்தபடி தெரிந்துகொள்ளட்டும்.

1. கப்பல் ஏறிய காரணம்

அந்த நாளில் நம் பக்கத்துத் தோல் எல்லாம் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போகும். அங்கே ஏலத்தில் என்ன விலை வருகிறதோ அதுதான் விலை. நம் முதலாளி பெரிய சாயபுவுக்கு அது பிடிக்கவில்லை. நடுவில் தின்கிறவன் ஜாஸ்தி என்பார். ஸ்பெயினில் செருப்புத் தோல் வியாபாரம் செய்யும் ரமோன் என்பவரோடு நேராகவே கடிதம் எழுதி விலை பேசி, பதனிட்ட ஆட்டுத்தோல் ஒரு பெரிய சரக்கை பார்சிலோனாவுக்கு அனுப்பிவிட்டார். கையில் இருந்த முதல் எல்லாம் தோலைக் கட்டி அனுப்பிய அந்த பேல்களில்தான் இருந்தது.

சரக்கு போய்ச் சேர்ந்த அன்றே ரமோனிடமிருந்து தந்தி வந்தது. நிறம் சரியில்லை, எடுக்க முடியாது என்று. பேலைப் பிரித்தே பார்க்காமல் நிறம் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன். முதலாளிக்கும் புரிந்துவிட்டது. சரக்கு அவன் ஊரில் மாட்டிக்கொண்டது, இனி அவன் சொல்லுகிற விலைக்குத் தள்ளிவிட வேண்டும், அதுதான் அவன் கணக்கு. பாதி விலைக்குத் தள்ளினால் ஷாப்பை மூட வேண்டியதுதான்.

“நானே போறேன். பேலைப் பிரிச்சுக் காட்ட ஆள் வேணும். நீயும் கெளம்பு மேஸ்திரி” என்றார்.

பம்பாயில் கப்பல் ஏறினோம். பிரான்ஸ் தேசத்து மார்செயில் இறங்கி பார்சிலோனாவுக்கு ரயில் பிடித்தோம். கோட்டு என்று ஒன்றை நான் போட்டது அப்போதுதான். தலைப்பாகையையும் தோளில் துண்டையும் மட்டும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

2. முதலாளியின் பட்டினி

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு விதவை அம்மாள் வீட்டு மாடியில் அறை எடுத்தோம். கப்பல் ஆபீஸ் குமாஸ்தா பெத்ரோ என்பவன் இங்கிலீஷ் பேசுவான். முதலாளி இங்கிலீஷில் சொல்வதை அவன் ரமோனுக்கு அவர்கள் பாஷையில் சொல்வான்.

ரமோன் சண்டை போடவில்லை, கோபப்படவும் இல்லை. இன்றைக்குச் சரக்கு இருக்கும் கோடவுன் சாவி இல்லை என்பான். நாளைக்கு அந்தோணியார் திருநாள் என்பான், மறுநாள் வேறு ஒரு புனிதரின் திருநாள் என்பான். நடுநடுவே அறைக்கு வந்து முதலாளியின் உடம்பை விசாரித்து, முன்பைவிடக் கம்மியான ஒரு விலையைச் சொல்லிவிட்டுப் போவான்.

அவன் எதற்குக் காத்திருந்தான் என்பது எனக்கு நாலைந்து நாளில் தெரிந்துவிட்டது. முதலாளி சாப்பிடவில்லை. முறைப்படி அறுக்காத கறி அவருக்கு ஆகாது. அந்த அம்மாளோ மீன் பொரித்தாலும் பன்றிக் கொழுப்பில் பொரிப்பாள், கீரையிலும் ஒரு கரண்டி போடுவாள். முதலாளி ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் தின்றே நாளை ஓட்டினார். ஆம்பூரில் பிரியாணித் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கு இடம் இருக்காது, அப்படிப்பட்ட ஆள். கோட்டு அவர் தோளில் ஆணியில் மாட்டியது போலத் தொங்கிற்று.

ஒரு நாள் காலையில் கட்டிலைவிட்டு எழுந்திருக்காமலே சொன்னார்: “மேஸ்திரி, அவன் கேக்குற வெலைக்கே குடுத்துட்டுப் போய்டலாம்டா. எனக்குத் தெம்பு இல்ல.”

“ஷாப்பு இன்னா ஆவுறது முதலாளி?”

“அல்லா வழி விடுவான்.”

“விடுவாரு. அதுக்கு முன்னாடி நான் போய் ஒரு கோழி வாங்கினு வர்றேன். நீங்களே அறுங்க. நான் ஆக்குறேன்.”

தோல் வாங்க ஊர் ஊராகச் சந்தைக்குப் போனவன் நான். மரத்தடியில் மூன்று கல் வைத்து ஆக்கித் தின்ற கை இது. வீட்டுக்கார அம்மாளிடம் போய், மாடிக்குக் கரி சுமந்து கொடுக்கிறேன், தண்ணீர் தூக்கித் தருகிறேன், பின்கட்டில் ஒரு அடுப்பு மட்டும் கொடு என்று கையாலேயே பேசி முடித்தேன். முதலாளி தலையணைக்கு அடியில் இருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

3. சந்தை

அந்தப் பேட்டைக்கு என்று ஒரு சந்தை இருந்தது. நம் சந்தை மாதிரி வெட்டவெளி கிடையாது. ஜோலார்பேட்டை ஸ்டேஷன் கூரையைத் தூக்கி வந்து வைத்து, அடியில் ரயிலுக்குப் பதிலாகக் கத்தரிக்காயை நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. கடைக்காரிகள் எல்லாம் வெள்ளை முன்துணி கட்டிக்கொண்டு மேடை மேல் நிற்கிறார்கள். வாங்குகிறவன் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். காதில் தங்கத் தோடு போட்டுக்கொண்டே மீன் செதில் எடுக்கிறார்கள். ஒரு வலைப்பையில் நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. அதையும் காசு கொடுத்து வாங்கிப் போனார் கண்ணாடி போட்ட ஒரு பெரிய மனுஷர்.

ஒரு கடையில் உப்புப் போட்ட தோலை மடிக்காமல் அடுக்கி வைத்திருந்தார்கள். பலகை போல விறைப்பு, ஓரமெல்லாம் வெள்ளை. கறிச் சந்தையிலேயே தோல் மண்டியும் வைத்திருக்கிறார்களே, கெட்டிக்காரர்கள் என்று ஒன்றை உருவினேன். வளைத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்து மேல்தோல் வரி, கிரேன் என்போமே, அது எப்படி என்று பார்த்தேன். வாலில் துடுப்பு இருந்தது. கருவாடு! மனுஷன் உயரத்துக்குப் பாதி இருக்கிற கருவாடு. கடைக்காரி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் ரகம் என்று சொல்லிவிட்டு, இருந்த இடத்தில் வைத்துவிட்டு நடந்தேன்.

அரிசி கிடைத்தது. குட்டையாக, முத்து மாதிரி. ஒரு மூட்டையாகவே எடுத்தேன், சில்லறையாக வாங்கிப் பழக்கமில்லை. பூண்டு, வெங்காயம், மிளகு, சீரகம், காய்ந்த குண்டு மிளகாய் எல்லாம் கிடைத்தது. புதிதாக ஒரு மண் சட்டி. இனிமேல் கோழிதான் பாக்கி.

4. துண்டு போட்டது

கோழிக்காரி கடைக்கோடியில் இருந்தாள். பருத்த உடம்பு, சிரித்த முகம். கூண்டு கூண்டாக உயிர்க்கோழி. ஒன்றைத் தூக்கிக் கனம் பார்த்து அவளிடம் கொடுத்தேன். அவள் ஒரு விலை சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. நான் தமிழில் கேட்டேன், அவள் அவள் பாஷையில் இன்னும் உரக்கச் சொன்னாள். பக்கத்தில் நாலு பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள்.

நாலு பேர் நடுவில் விலையை வாயால் பேசுகிறவன் வியாபாரியே இல்லை. வாணியம்பாடியில் தோல் வாங்கும்போது எப்படிப் பேசுவோம்? தரகன் கை மேல் துண்டைப் போட்டு, உள்ளே அவன் விரலைப் பிடித்து அழுத்துவோம். எத்தனை விரலோ அத்தனை. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. என் கை யோசனை கேட்டுக்கொண்டா இருக்கும்? தோளிலிருந்து துண்டை உருவி அவள் கை மேல் போட்டேன், உள்ளே கையை விட்டு விரலைப் பிடித்தேன்.

அவள் போட்ட கூச்சலில் கூண்டில் இருந்த கோழி அத்தனையும் கத்திற்று. கையில் இருந்த கோழியாலேயே என் தலைப்பாகையில் ஒரு அடி அடித்தாள். மீன்காரி கத்தியோடு இறங்கிவிட்டாள். எதிர்க்கடையில் கறி வெட்டிக்கொண்டிருந்தவன், அவள் புருஷன் என்று அப்புறம் தெரிந்தது, ஓடிவந்து என் கோட்டுக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினான். கால் தரையில் இல்லை.

“ஐயா, வெல பேசினேன்யா! வெல! கோழி வெல!”

அவனுக்கு என்ன புரியும்? நான் ஒன்று செய்தேன். என்னைத் தூக்கியிருந்த அவன் கை மேலேயே துண்டைப் போட்டேன். உள்ளே அவன் விரலை ஒவ்வொன்றாக அழுத்தினேன். இன்னொரு கையால் பையிலிருந்து காசை எடுத்துக் காட்டினேன், கோழியைக் காட்டினேன். மறுபடி விரல், காசு, கோழி. அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிற்று. என்னைக் கீழே இறக்கினான். துண்டைத் தூக்கி உள்ளே பார்த்தான். பிறகு எல்லோருக்கும் உரக்க ஏதோ சொன்னான் பாருங்கள், சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மீன்காரி கத்தியை வைத்துவிட்டு வந்து எனக்குக் கை நீட்டினாள், அவளுக்கும் பேச வேண்டுமாம்.

கோழிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே கையை நீட்டினாள். நான் மரியாதையாகத் துண்டைப் போட்டு ஐந்து விரலையும் அழுத்தினேன். அவர்கள் காசில் ஐந்து என்று. அவள் தலையை ஆட்டினாள். வியாபாரம் முடிந்தது.

ஒரு கோழியை எடுத்துக் காலைக் கட்டினாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதையும் எடுத்தபோதுதான் என் விரலை அவள் எப்படி எண்ணியிருக்கிறாள் என்று விளங்கிற்று. ஆனால் துண்டுக்குள் முடிந்த பேச்சை மாற்றுவது நம் தொழிலில் கிடையாது. ஐந்தையும் வாங்கினேன். பையில் சில்லறை கூட மிஞ்சவில்லை.

5. கட்டில் காலில்

தோளில் அரிசி மூட்டை, ஒரு கையில் சட்டி, இன்னொரு கையில் தலைகீழாக ஐந்து கோழி. தெருவே வாசலில் வந்து நின்றது.

முதலாளி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். “அரே, இன்னாடா இது! ஒண்ணு வாங்கினு வர்றேன்னு போய்ட்டு மந்தை ஓட்டினு வந்திருக்கே!”

“வெல படிஞ்சுது முதலாளி.”

“ஊருக்குத் திரும்பலாம்ன்றேன், நீ இன்னா குடித்தனம் வைக்கப் போறியா?”

திட்டிக்கொண்டே ஒன்றை அறுத்துக் கொடுத்தார். மற்ற நாலையும் பின்கட்டில் விட்டால் வீட்டுக்கார அம்மாளின் பூனை விடாது. மேலே கொண்டு வந்து கட்டில் காலுக்கு ஒன்றாகக் கட்டிப்போட்டேன். மிளகு தூக்கலாகக் குழம்பு வைத்தேன். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது, அந்த அரிசியின் குணம் அது. முதலாளி தட்டில் குனிந்து சாப்பிட்டார். நெற்றியில் வேர்வை வந்தது. தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“உப்பு கம்மி” என்றார்.

ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் ரமோன் வந்தான், பெத்ரோவோடு. முதலாளி படுத்திருப்பார், இன்றைக்கு முடித்துவிடலாம் என்ற நினைப்பில் கதவைத் திறந்தவன் அங்கேயே நின்றுவிட்டான். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். மூலையில் அரிசி மூட்டை. கட்டிலின் நாலு காலிலும் நாலு கோழி. ஒரு கோழி அப்போதுதான் முட்டை போட்டுவிட்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

ரமோன் பெத்ரோவிடம் ஏதோ கேட்டான். பெத்ரோ முதலாளியிடம் இங்கிலீஷில் கேட்டான். முதலாளி என் பக்கம் திரும்பினார். “எவ்ளோ நாள் இருக்கப் போறீங்கன்னு கேக்குறான் மேஸ்திரி. இன்னா சொல்லட்டும்?”

“குஞ்சு பொரிக்கிற வரைக்கும்னு சொல்லுங்க முதலாளி.”

அவர் சொன்னார். பெத்ரோ அதை ரமோனிடம் சொல்லிவிட்டு, பதிலையும் கொண்டுவந்தான். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சேவலே இல்லையேன்றான்டா.”

“அதையும் நாளைக்கு வாங்கிடுறேன், சந்தை பக்கத்துலதான் இருக்குதுன்னு சொல்லுங்க.”

ரமோன் சிரிக்கவில்லை. கோழியை எண்ணினான், மூட்டையைப் பார்த்தான். அவனும் வியாபாரிதானே. இவர்கள் ஓடுகிற ஆள் இல்லை என்று அந்த மூட்டை அவனுக்குச் சொல்லிவிட்டது. அன்று மத்தியானமே கோடவுன் சாவி கிடைத்துவிட்டது. நான் பேல்களைப் பிரித்து ஒவ்வொரு ரகமாக விரித்துப் போட்டேன். நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கடிதத்தில் பேசியிருந்த விலைக்கே சரக்கு முடிந்தது. அடுத்த சரக்குக்கும் அங்கேயே கையெழுத்துப் போட்டான்.

புறப்படுகிற அன்று சந்தைக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தேன். கோழிக்காரி தன் முன்துணியைக் கழற்றி என் கை மேல் போட்டு விரலை அழுத்தினாள். எவ்வளவு என்று நான் எண்ணவில்லை. இப்போது அந்த ஊரில் சண்டை நடப்பதாகப் பேப்பரைப் படித்துச் சொல்கிறார்கள். அவளும் புருஷனும் நன்றாக இருக்க வேண்டும்.

6. தெரிந்துகொள்ள வேண்டியது

பிள்ளைகளே, விலை பேசப் போகிறவன் முதலில் தன் சாப்பாட்டுக்கு வழி செய்துகொள்ள வேண்டும். பசித்தவனுக்கு அவசரம் வரும். அவசரம் முகத்தில் தெரிந்தால் எதிரில் இருப்பவன் விலையைக் குறைப்பான். ஐந்து கோழி வந்தது கைத்தவறுதலால்தானே என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கட்டும். ஒரு கோழியோடு திரும்பியிருந்தால் ரமோனுக்குக் காட்ட என்ன இருந்திருக்கும்?

பெரிய சாயபு உயிரோடு இருந்தவரை யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு, ஸ்பெயின் வியாபாரம் இவன் கையால் வந்தது என்பார். போன மாதம் புது ஷெட் திறப்பு விழாவில் அவர் மகன் சின்ன சாயபு எழுதி வைத்துப் படித்தார். தகப்பனார் தனி ஒருவராகக் கடல் தாண்டிப் போய் அந்த வியாபாரத்தைப் பிடித்தாராம். கூட ஒரு சமையல்காரர் போயிருந்தாராம். நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

சின்ன முதலாளி, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். சமைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை, ருசியாகவே சமைத்தேன். ஆனால் பேலைப் பிரித்தவன் நான். சந்தையில் அடி வாங்கியவன் நான். குஞ்சு பொரிக்கிற வரைக்கும் என்ற பதிலும் என் பதில். ஆபீஸ் சுவரில் ஸ்பெயின் வியாபாரம் பற்றி மாட்டப் போகிற பலகையில் பெரிய சாயபு பெயர் மேலே இருக்கட்டும், அது நியாயம். அதன் கீழே என் பெயரையும் எழுதுங்கள். அதே அளவு எழுத்தில், முழுசாக: ஆம்பூர் சின்னப்பையன் மகன் முனிசாமி, ஹெட் சார்ட்டிங் மேஸ்திரி. பெயின்டரை வரச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வருவான்.