பச்சை ஸ்கூட்டரை ஓட்டியவள்

நெல்லித்தோப்பு சுடர்விழிக்குக் கோபம் வந்தால் அது வாயோடு நிற்காது, கையில் என்ன இருக்கிறதோ அதில் இறங்கும். அன்றைக்குக் கையில் இருந்தது மகளுடைய கைபேசி. நல்ல வேளை, கட்டிலின் மேல் போய் விழுந்தது.

அதில் அவள் படித்தது இவ்வளவுதான்: 'மரகதம் விசாரிக்கிறாள் தொடரின் ஏழாவது வாரத்தில் வரும் புகழ்பெற்ற துரத்தல் காட்சியில் பச்சை ஸ்கூட்டரை ஓட்டியவர் நடிகை அல்ல. சென்னையிலிருந்து வந்த ஓர் ஆண் சண்டைக்கலைஞர், விக் வைத்துக்கொண்டு ஓட்டினார்.' கீழே நானூறு பேர் வாயைப் பிளந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர், அந்தத் தோள்பட்டையைப் பார்த்தபோதே தனக்குச் சந்தேகம் வந்தது என்று வேறு எழுதியிருந்தார்.

"என் தோளப் பாத்தா ஆம்பள தோளு மாதிரியா இருக்குது?" என்று சுடர்விழி கணவனைக் கேட்டாள்.

தணிகாசலம் முப்பத்து மூன்று வருடம் குடும்பம் நடத்தியவர். இப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரியும். பேப்பரைப் புரட்டினார்.

விஷயம் இது. 1989இல் தூர்தர்ஷனில் பதிமூன்று வாரம் ஓடிய தொடர் அது. மரகதம் என்ற பெண் இன்ஸ்பெக்டர் புதுச்சேரித் தெருக்களில் திருடர்களை விரட்டிப் பிடிப்பாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஊரில் ஈ காக்கை நடமாடாது. மரகதமாக நடித்த அம்மையாருக்கு ஸ்கூட்டர் என்ன, சைக்கிளே ஓட்ட வராது. படப்பிடிப்புக் குழு முதலியார்பேட்டையில் ஒரு மில்லில் வந்து இறங்கி, வண்டி ஓட்டத் தெரிந்த பெண் யாராவது உண்டா என்று கேட்டபோது, நூல் சுற்றும் ரீலிங் பிரிவே திரும்பி சுடர்விழியைப் பார்த்தது. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பால் வியாபாரம் செய்த அண்ணன் டைபாய்டில் படுத்துவிட்ட ஒரு மாதமும், அவனுடைய ஸ்கூட்டரில் கேன்களை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பால் ஊற்றியவள் அவள்.

இரண்டு நாள் ஓட்டினாள். காக்கி உடுப்பு, கொண்டை வைத்த விக், மேலே தொப்பி. கேமரா எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான். முடிந்ததும் ஒரு சேலையும் ஒரு தட்டுப் பிரியாணியும் கொடுத்து, "பேர் போட்டா நடிகையம்மா கோவிச்சுக்குவாங்க, வெளிய சொல்லாதம்மா" என்றார் மேனேஜர். சொல்லாமல் இருக்க அவள் என்ன கல்லா? சொன்னாள். ஊர் சிரித்தது. கல்யாணத்துக்குப் பிறகு நாத்தனார் வானத்தில் போன ஏரோப்ளேனைக் காட்டி, "அண்ணி, அதுவும் நீங்க ஓட்டுறதுதானா?" என்று கேட்டாள்.

அதையெல்லாம் சுடர்விழி பொறுத்துக்கொண்டாள். நடிகை ஓட்டினாள் என்று ஊர் நம்பியபோதுகூட, ஓட்டியது ஒரு பொம்பளை என்ற அளவிலாவது உண்மை மிச்சம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. ஐம்பத்தெட்டு வயதில், வாழ்க்கையில் அவள் செய்த ஒரே ஒரு துணிச்சலான காரியத்தை எவனோ ஒரு ஆம்பளை கணக்கில் எழுதிவிட்டார்கள். வலித்தது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு, அந்தப் பதிவில் முகவரி போட்டிருந்த நேரு வீதிக் கண்ணாடிக் கடையின் வாசலில் நின்றாள். எழுதியவர் அங்கேதான் இருந்தார். பெயர் நுஃமான், வயது முப்பத்தேழு, ஆறடி உயரம். மூக்குக் கண்ணாடி விற்பது தொழில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்தத் தொடர் படமான இடங்களைத் தேடி அலைவது பைத்தியம். தொடர் வந்தபோது அவர் கைக்குழந்தை. அவருடைய அம்மா பதுருன்னிசா, பாரிசிலிருந்து சித்தப்பா அனுப்பிய வீடியோ டெக்கில் பதிமூன்று வாரத்தையும் பதிவு செய்திருந்தார். ஒன்பது வாரம் தப்பியது. மீதி நாலின் மேல் யாருடைய நிக்காஹோ பதிவாகிவிட்டது. ஜன்னல் கம்பியையும் கதவுப் பித்தளையையும் படத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, நாற்பத்தோரு இடங்களை நுஃமான் கண்டுபிடித்திருந்தார். திருடர்கள் வந்த மெட்டடார் வேன், வில்லியனூர்ப் பக்கம் சக்கரம் இல்லாமல் டீக்கடையாக நிற்பதையும் கண்டுபிடித்தவர் அவர்தான்.

"அந்த ஸ்கூட்டர ஓட்டுனது நான்" என்றாள் சுடர்விழி.

நுஃமான் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒக்காருங்கம்மா. சண்டைக்கலைஞர் ஓட்டுனாருன்னு ஒரு பழைய வாரப் பத்திரிகையில போட்டிருந்தாங்க. அத வச்சித்தான் எழுதினேன். உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?"

"எங்க வூட்டுக்காரர கேளு."

"கட்டினவர் சாட்சி செல்லாதும்மா."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் காட்சியைப் போடச் சொன்னாள். கணினித் திரையில் பச்சை விஜய் சூப்பர் ஸ்கூட்டர் ஓடியது. ஒரு நீண்ட மஞ்சள் மதில். அந்த இடத்தில் நுஃமான் நிறுத்தினார். நாற்பத்தோரு இடம் கிடைத்தும் இந்த ஒரு சந்து மட்டும் கிடைக்கவில்லையாம். மதிலின் நிறத்தைப் பார்த்து, வெள்ளைக்கார வீடுகள் இருக்கும் பக்கமெல்லாம் இரண்டு வருடம் தேடியிருக்கிறார்.

"நூறு வருஷம் தேடுனாலும் கெடைக்காது தம்பி. அது தெருவே இல்ல. மில்லுக்குள்ள, ரீலிங்குக்கும் குடோனுக்கும் நடுவுல இருக்கற வழி."

மில் மூடிக் கிடந்தது. அன்று மாலையே மில் சுற்றுச்சுவரை ஒட்டி இருந்த ஒரு வீட்டு மொட்டை மாடியில் கேட்டுக்கொண்டு ஏறினார்கள். உள்ளே செடி மண்டியிருந்தாலும் அந்த மஞ்சள் மதில் அப்படியே இருந்தது. மழைத்தண்ணீர்க் குழாய் மூன்றாவது தூணில் வளைந்து போவது வரை படத்தில் உள்ளபடியே. நுஃமான் நாற்பத்திரண்டு என்று குறித்துக்கொண்டார். ஆனால் மனுஷன் சரியான விடாக்கண்டன்.

"இடத்த நீங்கதான் காட்டுனீங்க, எழுதிடறேன். ஆனா மில்லுல வேல செஞ்ச ஆயிரம் பேருக்கும் இது தெரிஞ்சிருக்கும்லம்மா. ஓட்டுனது நீங்கன்னு ஆவாது."

கொடாக்கண்டி அதற்கும் சளைக்கவில்லை. "பிரேக்க பாரு" என்றாள்.

அவள் உயரம் நாலே முக்கால் அடி. காலுக்குக் கொடுத்த போலீஸ் பூட்ஸ் பெரியது. உள்ளே கழிவுப் பஞ்சை அடைத்தும் கால் ஆடியது, தரையில் இருந்த பிரேக் பெடல் சரியாக அகப்படவில்லை. மில்லில் ஃபிட்டராக இருந்த தணிகாசலம் (அப்போது கணவர் இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்) உடைந்த தறி நாடா ஒன்றைப் பாதியாக அறுத்து, பெடலின் மேல் வைத்துத் திருகாணியால் முடுக்கிக் கொடுத்தார். தறியில் நூலைக் குறுக்கே கொண்டு ஓடும் அந்தக் கட்டை, ஒரு முனையில் எஃகுக் கூரோடு, படகு போல இருக்கும். ஆறடி சண்டைக்கலைஞனுக்கு அது எதற்கு?

நுஃமான் கைபேசியில் காட்சியை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினார். ஒரே ஒரு நொடி, பூட்ஸுக்குக் கீழே பழுப்பாக ஏதோ தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"கட்டையா இருக்கலாம். அழுக்காவும் இருக்கலாம். வண்டி கெடச்சா தெரிஞ்சிடும். ஆனா வண்டியத்தான் நாலு வருஷமா தேடறேன்."

"நான் தேடறேன்" என்றாள்.

அவள் தேடிய விதம் வேறு. நுஃமான் நம்பர் பிளேட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். சுடர்விழியோ, பழைய வண்டி வைத்திருப்பவன் கேபிள் வாங்க வந்துதானே ஆக வேண்டும் என்று யோசித்தாள். விஜய் சூப்பருக்கு கிளட்ச் கேபிள் விற்பது நெல்லித்தோப்பிலேயே ஒரே ஒரு கடை. கடைக்காரர் மூன்று பேரைச் சொன்னார். ஒன்று கடற்கரைப் பக்கம் ஓர் ஓட்டல் வாசலில் ஆட்கள் படம் பிடித்துக்கொள்ள நின்றது, நம்பர் வேறு. இரண்டாவது, இன்ஜின் மட்டும். மூன்றாவது ஆள் தவளக்குப்பத்தில் செடி நர்சரி வைத்திருக்கும் வெற்றிவேல். போனில் அவள் வண்டி நம்பரைச் சொல்லத் தொடங்கியதும் கடைசி நாலு எண்ணை அவரே சொல்லி முடித்தார். சுடர்விழி உடனே நுஃமானைக் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுடர்விழி, தணிகாசலம், நுஃமான் மூன்று பேரும் தவளக்குப்பம் போனார்கள். ஓலைக் கொட்டகையில் ஸ்கூட்டர் நின்றது. பச்சை போய்க் கருநீலம் பூசியிருந்தது. நுஃமான் ஓடிப்போய்க் குனிந்து கைபேசி வெளிச்சத்தை அடித்தார். சுடர்விழி நெருங்கவில்லை. அவருடைய முதுகைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"புது பெடல்மா" என்றார் நுஃமான் மெதுவாக.

"அது ரெண்டு வருஷம் முன்ன மாத்துனேன்" என்றார் வெற்றிவேல். "பழசு துருப்புடிச்சி ஒடஞ்சிபோச்சி. காயலாங்கடைக்குப் போட்டுட்டேன்."

நுஃமான் வண்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்தார், எடுக்க வேண்டுமே என்று. அவருக்கு வண்டி கிடைத்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தணிகாசலம் மட்டும் கொட்டகைக்கு வெளியே போய், நாற்றுத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வேலை செய்த ஓர் அம்மாள் தட்டு மண்ணில் வரிசையாகக் குழி குத்திக் குத்திக் கத்தரி நாற்றை நட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அது இன்னா கையில?"

"குழி குத்தற கட்ட" என்றாள் அவள்.

"அது அந்தப் பழைய பெடலு மேல இருந்ததுங்க" என்றார் வெற்றிவேல். "மொனையில கூர் நல்லா இருந்திச்சி, குழி போட வாகா இருக்கும்னு கழட்டி வச்சிக்கினேன். நாலு லட்சம் குழி போட்டிருக்கும் அது."

தணிகாசலம் அதை வாங்கி, வேட்டியில் மண்ணைத் துடைத்தார். பாதித் தறி நாடா. எஃகுக் கூர் தேய்ந்து பளபளத்தது. இரண்டு திருகாணி ஓட்டைகள் இருந்தன. நுஃமானிடம் நீட்டி, "அடியில பாரு தம்பி" என்றார்.

அடியில், மரத்தில் கருகிய எழுத்தில், 863 என்று இருந்தது.

மில்லிலிருந்து ஒரு மரத்துண்டு வெளியே போனாலும் கேட்டில் பிடித்துக்கொள்வார்கள். கழிவு மரம் கொண்டுபோகிற தொழிலாளி, மில் தனக்குக் கொடுத்த டோக்கனின் எண்ணைச் சூட்டுக்கம்பியால் அதில் பொறித்துக் காட்டினால்தான் விடுவார்கள். சண்டைக்கலைஞன் எவனுக்கும் மில்லில் டோக்கன் கிடையாது.

"இது உங்க எண்ணாங்கையா?" என்றார் நுஃமான். கடைசி வரை கேள்வி கேட்காமல் விடுகிற ஜாதி இல்லை அவர்.

"என்னுது இல்ல. அவ காலுக்குச் செஞ்சது, அவ நம்பரத்தான போடணும்."

சுடர்விழி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவினாள். மில் மூடிய நாளில் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட பித்தளை டோக்கன் அதில் தொங்கியது. நுஃமான் அதை வாங்கிக் கட்டையின் பக்கத்தில் வைத்தார். எட்டு, ஆறு, மூன்று. இரண்டு முறை பார்த்தார். பிறகு இரண்டையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, "மன்னிச்சிருங்கம்மா. தப்பா எழுதிட்டேன்" என்றார். அந்தக் கொட்டகையிலேயே, நின்ற இடத்திலேயே, பழையதை அழித்துவிட்டுத் திருத்தி எழுதினார். 'ஓட்டியவர்: நெல்லித்தோப்பு சுடர்விழி, மில் தொழிலாளி.' அவள் அதை வாய்விட்டு ஒரு முறை படித்தாள். இரண்டாம் முறை படிக்க முடியவில்லை, கண் மறைத்தது.

"ஓட்டிப் பாக்குறீங்களா?" என்று வெற்றிவேல் சாவியை நீட்டினார்.

தணிகாசலம் முட்டிவலியை நினைவூட்ட வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். அவள் சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகினாள். மூன்றாவது உதையில் வண்டி புகைவிட்டு உயிர் பெற்றது. நர்சரியின் நடுவழி நேராக நூறு அடிக்குக் கிடந்தது, இரண்டு பக்கமும் செம்பருத்திச் செடிகள். முதல் பத்தடிக்கு வண்டி தள்ளாடியது. அப்புறம் கை கேட்டது. கோடி வரை போய், திரும்பி, மறுபடியும் கோடிக்குப் போனாள். அவளுக்குச் சிரிப்பாக வந்தது, சத்தமாகவே சிரித்தாள்.

நுஃமான் கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். சுடர்விழி பிரேக்கை மிதித்து நின்றாள்.

"பின்னாலேர்ந்து எடுத்ததெல்லாம் போதும் தம்பி" என்றாள். "முன்ன வந்து, மொகத்த எடு."

நுஃமான் மூச்சிரைக்க வழியின் கோடிக்கு ஓடிப்போய் நின்றார். அவள் கியரைப் போட்டுக்கொண்டு அவரை நோக்கி வந்தாள்.