முதலில் கட்டிய படகு

பெரினா அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கையில் இருக்கும் வேலை இன்னும் சுத்தமாக நடக்கும், அவ்வளவுதான். மீன் தேய்த்துக்கொண்டிருந்தால் ஒரு செதில் மிஞ்சாது. கயிறு சுருட்டிக்கொண்டிருந்தால் அது கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்ததுபோல் இருக்கும். ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் தீவுக்குத் திரும்பிய நாளிலிருந்து நான் அவள் படகில்தான் வேலை செய்கிறேன். போன கோடையில் எங்கள் படகின் கயிறுகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன.

படகின் பெயர் மெண்டுலா. எங்கள் பக்கத்துப் பேச்சில் அதற்குப் பாதாம் என்று அர்த்தம். மரப்படகு, அகலம், உயரம் குறைவு. முழங்கால் வலிக்காரர்கள்கூட ஏறிவிடலாம். மத்தித் தொழிற்சாலையை இழுத்து மூடிய பிறகு அக்கா அதை வாங்கினாள். பதினைந்து வருஷம் டப்பாவில் மீன் அடுக்கியவள், படகோட்டும் உரிமத்துக்குப் பரீட்சை எழுதப் போனாள். அறையில் அவள் ஒருத்திதான் பெண். "நீங்க கடலுக்குப் போயிட்டா வீட்டுல யாரும்மா சமைப்பாங்க?" என்று தேர்வதிகாரி கேட்டாராம். "பசிக்கிறவன்" என்றாளாம் இவள். அவள் கணவர் பாஷ்கோ எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் பாதி நாள் அவர் வெறும் போன் குரல். அவருக்குச் சமைக்கத் தெரியும்.

கோடையில் துறைமுகத்திலிருந்து ஒரு குடும்பத்தையோ ஒரு நண்பர் கூட்டத்தையோ ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்புவோம். மூன்று விரிகுடா, குளியல், நடுவில் பாறை நிழலில் சுட்ட மத்தி, கீரையும் உருளைக்கிழங்கும், தண்ணீர் கலந்த ஒயின். மாலையில் கொண்டுவந்து இறக்கிவிடுவோம். படகு முழுக்க அவர்களுக்கு மட்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் வாரத்தில் ஒருவராவது கரையில் குளிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் காட்டி, "இவங்கெல்லாம் எப்ப போவாங்க?" என்று கேட்பார்.

"படகு இன்னிக்கு உங்களோடது. எந்தப் பக்கம் திருப்பணும்னு சொல்லுங்க, திருப்பறேன்" என்பாள் அக்கா. "கடல் என்னோடதுமில்ல, உங்களோடதுமில்ல. அந்தப் பசங்க பசிச்சாத்தான் போகும்."

எங்கள் நாட்டுச் சட்டப்படி கரை யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். ஆனால் ஒவ்வொரு கோடையிலும் எங்காவது புதிதாக ஒரு கயிறு கட்டியிருக்கிறது, ஒரு பலகை நட்டிருக்கிறது, பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட பையன் ஒருவன் நிற்கிறான். வெளியூர்க்காரன் வந்து கட்டினால் திட்டிவிட்டுப் போகலாம். இங்கே கட்டுகிறவர்கள் எங்கள் ஆட்கள்தான்.

லோவ்ரே அக்காவுக்கு மகன் முறை. பெரியம்மா மகள் தோப்ரிலாவின் பிள்ளை. துறைமுகத்தில் சுற்றுலா அலுவலகம் வைத்திருக்கிறான். மெண்டுலாவுக்கு வரும் ஆட்கள் எல்லாம் அவன் அனுப்புகிறவர்கள். அவன் அனுப்பினால்தான் அவளுக்குக் கோடை உண்டு. இது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

எங்கள் தீவுக்கு எதிரே ஷ்கோலிச் என்று ஒரு குட்டித்தீவு. ஒரு மாதா கோயில், ஒரு மணி, நாலு பைன் மரம். சுற்றிலும் கத்தி மாதிரிப் பாறை, பாறையெல்லாம் காலில் குத்தும் கடல்முள்ளெலி. இறங்குவதற்கு ஒரே ஒரு கல்துறை. அதில் ஒரு படகுதான் கட்ட முடியும். அதனால் முதலில் வருகிற படகு துறையில் கட்டும், அடுத்தது அந்தப் படகில் கட்டும், அதற்கடுத்தது அதில். கடைசிப் படகில் வந்தவர்கள் எல்லாப் படகுகளையும் தாண்டிக் கரைக்குப் போவார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், முன்பக்கமாகத் தாண்ட வேண்டும், அடுத்தவன் அறைக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நடக்கப் பழகியபோதே பழகிவிட்டது.

ஆகஸ்ட் பதினைந்து மாதாவின் திருநாள். அன்று அக்கா படகை வாடகைக்கு விடமாட்டாள். சொந்தப் படகு இல்லாதவர்களும் கால் முடியாதவர்களும் அன்று மெண்டுலாவில் ஷ்கோலிச்சுக்குப் போவார்கள்.

போன வருஷம் திருநாளுக்கு முந்தின நாள், நாங்கள் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது லோவ்ரே வந்தான்.

"சித்தி, நாளைக்குக் கொஞ்சம் லேட்டா போங்களேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல."

"பூசை காலைல பத்து மணிக்குடா."

"பாதர்கிட்ட நான் பேசிக்கிறேன். பெரிய பார்ட்டி சித்தி, மூணு மாடிப் படகு. நாள் பூரா துறை உங்களுக்குத்தான்னு வாக்கு குடுத்துட்டேன்."

"எந்தத் துறைய?"

"ஷ்கோலிச் துறையத்தான்."

"ஓ. உங்கப்பா கட்டினதா?"

லோவ்ரே சிரித்தான். "கோவப்படாதீங்க. நாளைக்கு ஒரு நாள்தானே. நாளன்னிக்குலேந்து செப்டம்பர் முடியிற வரைக்கும் மெண்டுலாவுக்கு நான்தானே ஆள் அனுப்பணும்?"

மிரட்டலை மிட்டாய்த் தாளில் சுற்றித் தருவதில் அவன் கெட்டிக்காரன். அக்கா மறுபடி மீனைத் தேய்க்க ஆரம்பித்தாள். கையிலிருந்த மத்தி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

அவன் போன பிறகு, "என்னக்கா செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பூசை பத்து மணிக்கு" என்றாள்.

மறுநாள் மெண்டுலாவில் பாதர் இருந்தார். மாதா படத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கால் மடங்காத ஷிமே மாமா இருந்தார். ஷ்கோலிச்சில் மணி அடிப்பது அவர்தான். கறுப்புக் கவுனும் புதுச் செருப்புமாக லோவ்ரேயின் அம்மா தோப்ரிலா இருந்தார். இன்னும் ஏழெட்டுப் பேர். பின்னால் மீன்பிடிப் படகுகள் வந்தன.

துறையில் லோவ்ரே சொன்ன மூன்று மாடிப் படகு, வெள்ளை வெளேரென்று, முழு நீளத்துக்கும் ஒட்டி நின்றது. உள்ளே பாட்டு. நாங்கள் நெருங்கியதும் வெள்ளைச் சட்டைப் பையன் ஒருவன் ஓடிவந்தான். தலைநகரத்துப் பேச்சு.

"இங்க கட்டக் கூடாதுங்க. இது தனிப்பட்ட நிகழ்ச்சி, தயவுசெஞ்சு..."

அக்கா கயிற்றை அவன் மார்பை நோக்கி வீசினாள்.

கயிறு வந்தால் பிடிக்காத மாலுமி உலகத்தில் கிடையாது. நான் எத்தனையோ துறைமுகம் பார்த்துவிட்டேன், ஒருவன்கூடக் கீழே விட்டதில்லை. வாய் 'கூடாது' என்று சொல்லிக்கொண்டிருக்க, அவன் கை பிடித்துவிட்டது. பிடித்த கை கட்டியும்விட்டது. கட்டிய பிறகுதான் அவன் தன் கையைப் பார்த்தான்.

"நல்லாக் கட்டியிருக்க தம்பி" என்றார் ஷிமே மாமா. "யாரு சொல்லிக்குடுத்தா?"

அதற்குள் லோவ்ரே மேல்தளத்திலிருந்து இறங்கி வந்தான். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் செருப்பு. "சித்தி, நான் நேத்தே சொன்னேன்ல?"

"சொன்ன. முன்பக்கம் எங்களுக்கு எட்டாத உசரம். ஏணி வெச்சுத் தர்றியா? இல்லன்னா பின்பக்கமா வர்றோம்."

"பின்பக்கம் அவங்க சாப்பிட்டுட்டிருக்காங்க சித்தி."

"சாப்பிடட்டும். பூசைக்கு முன்னாடி நாங்க எதுவும் தொடமாட்டோம்."

தோப்ரிலா எழுந்தார். செருப்பைக் கழற்றி மகன் பக்கம் நீட்டினார். "இந்தா, புடி."

"அம்மா, நீங்க எதுக்கு இந்தப் படகுல வந்தீங்க?"

"வேற எதுல வரணும்? இத்தனை பெரிய படகு வெச்சிருக்கியே, அம்மா நீயும் வர்றியான்னு கேட்டியா? புடிடா. புதுசு, நனைச்சிடாத."

அவன் வாங்கிக்கொண்டான். அம்மா நீட்டினால் வேறென்ன செய்வான்? அதைப் பார்த்துவிட்டு அடுத்தவர் தன் செருப்பையும் அவனிடமே கொடுத்தார். அதற்கடுத்தவரும். பாதர் தயங்கிவிட்டுத் தன் சப்பாத்துகளை அந்தக் குவியலின் மேல் மெதுவாக வைத்தார். லோவ்ரேயின் முகவாய்க்குக் கீழே ஒரு செருப்புக்கடையே உட்கார்ந்திருந்தது.

வெறுங்காலோடு பின்பக்கப் படியேறினோம். மேசையில் பனிக்கட்டி மேல் சிப்பி, பழம், உயரக் கண்ணாடிக் குவளைகள். நீச்சலுடையில் இருந்த ஒரு பெண் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். ஷிமே மாமா மாதா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மேசையை ஒட்டி நொண்டி நொண்டி வந்தார். "மாதா வர்றா, தட்டைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்றார். பாஷை புரியாவிட்டாலும் தள்ளிவைத்தார்கள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள். யாரோ போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

பத்து மணிக்கு மணி அடித்தது.

மறுநாளிலிருந்து லோவ்ரே ஆள் அனுப்பவில்லை. அது எதிர்பார்த்ததுதான். என்னால் தாங்க முடியாதது வேறொன்று. அன்று எங்களோடு அந்தப் படகைத் தாண்டி வந்தவர்களே ரொட்டிக் கடையில் நின்று, "பெரினா கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்றார்கள். "அவன் நம்ம பையன்தானே" என்றார்கள். அவர்களைக் கரை சேர்த்ததற்குத்தான் அவள் கோடையை இழந்தாள். நான் சண்டைக்குப் போனேன். அக்கா என் கையில் ரொட்டியைத் திணித்து வெளியே இழுத்து வந்தாள்.

"என்னக்கா இது, கேட்டுட்டு சும்மா வர்றீங்க?"

"அவங்களுக்கு அடுத்த வருஷமும் ஷ்கோலிச் போகணும். நான்தான் ஏத்திட்டுப் போகணும். சண்டை போட்டா படகுல வாய மூடிட்டு உக்காரணும். அது எனக்குப் போரடிக்கும்."

செப்டம்பரில் லோவ்ரே வந்தான். மன்னிப்புக் கேட்க வருகிறான் என்று நினைத்து நான் எழுந்து நின்றது இன்றுவரை எனக்கு அவமானம். அவன் போனை நீட்டினான். அந்த வீடியோ: ஷிமே மாமா, மாதா படம், சிப்பித் தட்டு.

"இத எத்தனை பேர் பாத்திருக்காங்க தெரியுமா சித்தி? எல்லாரும் கேக்கறாங்க. அடுத்த கோடைல இதையே வெள்ளிக்கிழமை தோறும் பண்ணலாம். ஒரு பத்துப் பேர் போதும். கறுப்பு டிரெஸ், தலைல முக்காடு, வெறுங்கால். படம் நிஜப் படம் வேணாம், ஒரு காப்பி அடிச்சுக்கலாம்."

"பாதர்?"

"பாதர் எதுக்கு? அங்கி போட்டுட்டு வர்றதுக்கு ஆள் இருக்கு."

அக்கா கயிறு சுருட்டிக்கொண்டிருந்தாள். வட்டத்துக்குள் வட்டம், நூல் பிசகாமல்.

"உங்கம்மாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

லோவ்ரே கடலைப் பார்த்தான். "செருப்பைத் தேடினாங்க."

"எடுத்துக் குடுத்திருக்கலாமே" என்றாள் அக்கா. "போடா. மெண்டுலா வராது."

வெள்ளிக்கிழமை ஊர்வலத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆனால் இந்த வருஷம் ஜூலையில் அவன் அலுவலகக் கண்ணாடியில் ஒரு சுவரொட்டி: தீவு மக்களின் மாதா ஊர்வலம், ஆகஸ்ட் பதினைந்து, சொகுசுப் படகில் அமர்ந்தபடி அருகிலிருந்து காணுங்கள். நாங்கள் சாமி கும்பிடப் போவது அவனுக்கு விற்பனைச் சரக்கு. எங்களைக் கேட்கவும் இல்லை.

அக்கா நின்று படித்தாள். ஆகஸ்ட் பதினான்கு மதியம், "ரெண்டு போர்வை எடுத்துக்க" என்றாள். மற்றவர்களை ஏற்றிவரும் பொறுப்பை ஒரு மீன்பிடிப் படகுக்காரரிடம் விட்டுவிட்டு, ஷ்கோலிச் துறையில் போய் மெண்டுலாவைக் கட்டினோம். வெயில் தாழ மத்தி சுட்டோம். அவள் கணவரிடம் போனில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். "படகுலதான் படுக்கப் போறேன். ஆமா, கிறுக்குதான். நீங்க கட்டிக்கிட்டதும் கிறுக்கைத்தான்" என்பது மட்டும் காதில் விழுந்தது.

காலையில் வெள்ளைப் படகு வந்தது. மேல்தளம் முழுக்க ஆட்கள், கையில் போன்கள். லோவ்ரே முன்னால் வந்து நின்றான்.

"சித்தி, கொஞ்சம் நகத்துங்களேன். நாங்க இறங்கினதும் நீங்க திரும்பக் கட்டிக்கலாம்."

"முதல்ல வந்தது நான். பக்கத்துல கட்டு."

அவன் மேல்தளத்துக் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கயிற்றை வீசினான். நானாக இருந்தால் கடலில் விழ விட்டிருப்பேன், சத்தியமாக. அக்கா பிடித்தாள், இழுத்தாள், கட்டினாள். இறுக்கமாக, சுத்தமாக. அந்தக் கட்டைப் பார்த்தபோதுதான் அவளுக்கு எவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரிந்தது.

பயணிகள் ஒவ்வொருவராக மெண்டுலாவின் முன்பக்கத்தைத் தாண்டினார்கள். ஒருவர் சப்பாத்தோடு கால் வைத்தார். அக்கா காலைக் காட்டினாள். கழற்றினார். யாரையும் அவள் தடுக்கவில்லை, யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. பின்னாலேயே மீன்பிடிப் படகு வந்து வெள்ளைப் படகின் மறுபக்கத்தில் கட்டியது. ஷிமே மாமா, மாதா படம், பாதர், ரொட்டிக் கடையில் பேசியவர்கள், எல்லோரும் வெள்ளைப் படகின் பின்பக்கத்தின் வழியாக ஏறி எங்கள் படகுக்கு இறங்கினார்கள். படம் பிடிக்க வந்தவர்கள் கரையில் தங்கள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதால் போனை எடுக்கச் சிரமப்பட்டார்கள்.

கடைசியாகத் தோப்ரிலாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு லோவ்ரே வந்தான். அவன் ஒரு கையில் அம்மாவின் செருப்பு இருந்தது. அம்மாவைப் பத்திரமாக மெண்டுலாவில் இறக்கிவிட்டு, தானும் கால் எடுத்து வைத்தான்.

அக்கா கையை நீட்டிக் குறுக்கே நின்றாள்.

"உன்னோடதும்" என்றாள்.

கரையில் நின்ற பயணிகளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு எங்கள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்று, வெள்ளைச் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தான்.