சீதனக் காருக்கு மூக்கு வைத்தவர்

விடிந்ததும் தேத்தண்ணி வாயில் படுமுன்னே, அன்ரனிதாஸ் முற்றத்தில் நிற்கும் காரின் முன்னால் முழங்காலில் நின்றுவிடுவார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் அதன் மூக்கைப் பார்ப்பார். பிறகு உள்ளங்கையால் நுனியிலிருந்து கண்ணாடி வரைக்கும் மெல்லத் தடவிக்கொண்டு போவார். மணல் பருக்கை அளவு மேடு ஒன்று கையில் தட்டினாலும் முகம் வாடிவிடும். சாரத்து மடியிலிருந்து அரத்தாளை எடுத்து உரசத் தொடங்கிவிடுவார்.

"காத்து வழுக்கிக்கொண்டு போகவேணும். ஒரு இடத்திலயும் அது கால் ஊண்டக்கூடாது" என்பார். ஏனென்று கேட்டவர் எவருமில்லை.

குசினி வாசலில் சுவரைப் பிடித்தபடி நிற்கும் மனைவி ஜசிந்தாவுக்குத் தன் முழங்கால்கள் இரண்டும் மடியாமல் போய் எவ்வளவோ காலம். கோயிலில் எல்லோரும் முழங்காலில் நிற்கையில் அவள் மட்டும் வாங்கில் விறைத்து உட்கார்ந்திருப்பாள்.

"இஞ்சேருங்கோ, கர்த்தருக்கு முன்னால ஒருநாளும் குத்தாத முழங்கால். இந்தத் தகரத்துக்கு முன்னால மட்டும் வடிவா மடியுது என்ன?"

"தகரம் இல்லை. பைபர்" என்று அவர் திருத்துவார்.

அந்தக் கார் அவருடையதே அல்ல. அது ஜசிந்தாவின் சீதனம். ஊர்காவற்றுறையில் படகும் வலையுமாக வாழ்ந்த அவள் தகப்பன் கிறிஸ்தோப்பர் சம்மாட்டி வாங்கிய வான நீல ஒஸ்ரின் கேம்பிரிஜ். ஒரு குடும்பமே ஏறி உட்கார்ந்த பிறகும் ஒரு கடகம் மீனுக்கு இடம் விடுகிற பெருமனசுக் கார். கலியாணத்தன்று சம்மாட்டி தன் கையாலேயே பின்கதவைத் திறந்து மகளை இறக்கி, கார்த் திறப்பை மாப்பிள்ளையின் கையில் வைத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சண்டை வந்தது. ஊர் இடம்பெயர்ந்தது. பெற்றோல் காணாத யாழ்ப்பாணத்தில் அந்தக் கார் மண்ணெண்ணெய் குடித்து, இருமி இருமி ஓடி, பிள்ளைத்தாச்சிகளையும் காயக்காரரையும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஷெல்லுக்குத் தப்பியது. உப்புக்காற்றின் கறலுக்குத் தப்பியது. அன்ரனிதாசுக்குத் தப்ப மட்டும் அதற்கு வழி தெரியவில்லை.

அவருக்குத் தொழில், உடைந்த பைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுவது. தொழிலில் கெட்டிக்காரர்தான், அதை மறுக்க முடியாது. அன்ரனிதாஸ் ஒட்டிய இடத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது என்று மண்கும்பான் வரைக்கும் பேர். அந்தப் பேர்தான் பிறகு காருக்கு எமனாக வந்தது. இப்போது கரையில் கவிழ்த்த படகுகள் காய்ந்துகொண்டு கிடக்கின்றன. சொந்தக்காரர் வந்து படலையைத் தட்டுவார்கள்.

"தாஸண்ணை, என்ர படகு?"

"காயட்டும் தம்பி. அவசரப்படக்கூடாது."

"ஒட்டவே இல்லையே அண்ணை. எது காயுது?"

அதற்கு அவர் ஒரு சிரிப்புச் சிரிப்பார். தலைமயிரிலும் புருவத்திலும் வெள்ளைப் பைபர்த் தூள் படிந்த, எந்தக் குற்றத்தையும் தன்மேல் ஒட்டவிடாத சிரிப்பு. அந்தச் சிரிப்பில் மயங்கித்தான் ஒரு காலத்தில் ஜசிந்தா கோயில் பாடகர் குழுவில் சுருதி தவறினாள். இப்போது அதே சிரிப்பைக் கண்டால் அவளுக்கு உடம்பெல்லாம் பைபர்த் தூள் பட்டதுபோல் கடிக்கிறது.

இந்தக் கார் விசர் தொடங்கியது கைத்தொலைபேசியில். கனடாவிலிருக்கும் மருமகன் ஒருவன் ஒரு வீடியோ அனுப்பினான். அமெரிக்காவில் எங்கோ வறண்ட உப்பு ஏரி ஒன்று, வெள்ளைப் பாய் விரித்ததுபோல் கிடக்கிறது. அதில் கார்கள் ஒவ்வொன்றாக வந்து, தன்னந்தனியே, நேர்கோட்டில், உயிரைக் கொடுத்து ஓடுகின்றன. வளைவும் இல்லை, முந்துவதற்கு ஆளும் இல்லை. நிலத்தின்மேல் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதுதான் பந்தயம். குடும்பம் ஏறிப்போகிற பழைய கார் ஒன்றுக்கு மூக்கு வைத்து, சில்லுகளுக்குத் தட்டு மூடி, கதவில் இலக்கம் எழுதி, ஒரு கிழவர் அம்பு மாதிரி விட்டார். அன்ரனிதாஸ் சாப்பாட்டுத் தட்டில் கை காயக் காய அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கட தரவையிலயும் உப்புத்தானே பூத்துக் கிடக்கு?" என்றார் கடைசியில்.

தரவை என்பது புளியங்கூடல் பக்கமாகப் பரந்து கிடக்கும் வெளி. மாரியில் தண்ணீர் நிற்கும். கோடையில் வெடித்து, மேலே உப்புப் பூக்கும். மாடுகள் அதன் ஓரத்துப் புல்லைக் கரம்பும்.

"அங்கை உப்பு. இஞ்சை சாணி" என்றாள் ஜசிந்தா.

சாணி அவரைத் தடுக்கவில்லை. முதலில் அவளுடைய அலுமினியச் சட்டி மூடிகள் நான்கும் குசினியை விட்டுப் போய்க் காரின் சில்லுகளில் குடியேறின. அன்றிலிருந்து அந்த வீட்டில் சோற்றுப் பானையைச் சாப்பாட்டுத் தட்டுதான் மூடுகிறது. வான நீலம் சிவப்பானது. கதவில் வெள்ளையில் ஒரு பெரிய ஏழு. முன்பக்கத்தில் படகின் அணியம்போலக் கூரான பைபர் மூக்கு வளர்ந்தது. அந்த வீடியோவில் கார்களை நிறுத்தப் பின்னால் ஒரு பாரசூட் விரியும். அன்ரனிதாஸ் பின் ஆசனத்துக்குக் கீழே கயிற்றோடு ஒரு நங்கூரம் வைத்தார். "துணியை நம்பேலாது. நங்கூரம் ஒருநாளும் கைவிடாது" என்பது அவர் கட்சி.

இவ்வளவோடு விட்டிருந்தால் ஜசிந்தா மன்னித்திருப்பாள். ஆனால் அவர் காரைச் சுற்றி வந்து, கதவு இடுக்குகளில் விரலை விட்டுப் பார்த்தார். பழக்கதோஷம். இடுக்கு என்றால் ஓட்டை. ஓட்டை என்றால் அடைக்க வேண்டும். பைபர் பாயை வெட்டி, ரெசினைப் பூசி, நான்கு கதவையும் உடம்போடு உடம்பாக ஒட்டிவிட்டார். சம்மாட்டி தன் மகளுக்காகத் திறந்த அந்தப் பின்கதவு, இருந்த இடம் தெரியாமல் மறைந்தது.

"இனி எப்பிடி ஏறுறது?"

"யன்னலால. அங்கையும் அப்பிடித்தான்" என்று அவர் பொய் சொன்னார். சொல்லிவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டி, காலை முதலில் விட்டு, இடுப்பில் கொஞ்ச நேரம் சிக்கி நின்று, பிறகு உள்ளே விழுந்தார்.

புதுப்படகைக் கடலில் இறக்குமுன் சுவாமியாரைக் கொண்டு மந்திரிப்பது அந்தக் கரையில் வழக்கம். அன்ரனிதாஸ் காருக்கும் கொடித்தோரணம் கட்டிச் சுவாமியாரைக் கூட்டிவந்தார். சுவாமியார் தீர்த்தச் செம்போடு காரை ஒருதரம் சுற்றிவந்தார். "தாஸ், இது கடல்ல போறதோ, தரையில போறதோ? அதுக்கேத்த செபம் சொல்லவேணும்" என்றார். கூடிநின்ற சனம் சிரித்தது. உள்ளேயிருந்து பார்த்த ஜசிந்தா சிரிக்கவில்லை.

ஆவணி வெயிலில் தரவை காய்ந்து வெளுத்த ஒரு நாள், அந்த மகத்தான ஓட்டம் நடந்தது. மாடுகளை ஓரம் கட்டிவிட்டு, புளியங்கூடல் தம்பிஐயா மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். தரவையில் மேய்வதில் பாதி அவருடைய மாடுகள். அதனால் அவர்தான் நடுவர். கார் புழுதியைக் கிளப்பி, உறுமி, ஒரு நல்ல கூப்பிடு தூரம் ஓடியது. பிறகு மூக்கிலிருந்தும் கால் மிதிக்கும் இடத்திலிருந்தும் புகை. பிறகு கொதிநீர். படகு எஞ்சினுக்குக் குளிர்ச்சி கடல் தண்ணீரிலிருந்து வரும். கார் எஞ்சினுக்கு அது முன்பக்கத்துக் காற்றிலிருந்து வரவேண்டும். காற்றுப் போகும் வாயை ஒரு சொட்டும் புகாதபடி அடைத்து ஒட்டியிருந்தார் கெட்டிக்காரர். கார் தானாகவே செத்து நின்றது. நின்ற பிறகும் அன்ரனிதாஸ் பின்யன்னலால் நங்கூரத்தைத் தூக்கி எறிந்தார். முறை என்றால் முறைதானே. பிறகு அவித்த இறால் நிறத்தில் யன்னலால் வழுக்கி மண்ணில் விழுந்தார்.

"என்ன வேகம் வந்தது தம்பிஐயா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"எனக்கெப்பிடித் தெரியும்? உம்மை முந்தாமல் வாறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அடுத்த நாள், பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரியான முகத்தோடு, மூக்கில் ஒரு தேங்காய் போகிற அளவுக்கு ஓட்டை போட்டார். அதற்கு மேல் ஒரு விரற்கடை தரமாட்டேன் என்றுவிட்டார்.

அந்தக் கிழமைதான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ஜசிந்தாவின் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை. புரட்டாதியில் வருகிற முதல் புதன்கிழமை, காலையிலேயே வந்து வார்ட்டில் படுக்கவேண்டும். வராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பிறகு வரிசையின் வாலில் போய் நிற்கவேண்டியதுதான். எத்தனை வருடம் செபமாலை உருட்டிக் காத்திருந்த நாள் அது! முழங்காலில் நின்று ஒரு பூசை காணவேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை அவளுக்கு இந்த உலகத்தில் இருக்கவில்லை.

பஸ்ஸுக்கும் வேனுக்கும் படி உயரம். ஓட்டோவில் கால் நீட்ட இடமில்லை. மடியாத இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு போக, சம்மாட்டி கணக்குப் பார்த்து வாங்கியதுபோல, ஒஸ்ரினின் பின் ஆசனம் ஒன்றுதான் இருந்தது.

"கதவை வெட்டி விடுங்கோ" என்றாள் அன்றைக்கே.

"ஓம் ஓம். மாரி துவங்கினால் தரவை தண்ணிக்குள்ள போயிடும். இன்னும் ஒரேயொரு ஓட்டம் ஓடிப்போட்டு வெட்டுறன்."

அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். ஓமுக்குக் குறைவில்லை. ஓட்டத்துக்கு நாள்தான் அமையவில்லை. ஒரு நாள் காற்று எதிர்க்காற்று. ஒரு நாள் தம்பிஐயாவின் பசு கன்று போட்டு, தரவையின் நடுவில் படுத்துவிட்டது.

புதன்கிழமை விடிந்தது. ஜசிந்தா சீலை உடுத்து, தலை வாரி இழுத்து, பையைக் கட்டி, முற்றத்தில் கதிரையைப் போட்டுக் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். துணைக்குப் போகவென்று அயல்வீட்டு எமிலியும் வந்து நின்றாள். பால் கொண்டுவந்த தம்பிஐயா, போகாமல் படலையிலேயே நின்றார். கதவுகள் ஒட்டியபடியே இருந்தன.

அன்ரனிதாஸ் தலையைச் சொறிந்தார். காரைப் பார்த்தார், மனுசியைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார்.

"ஒரு பலகையை யன்னலுக்குச் சாத்தினால்... நாலு பேர் பிடிச்சு, தலைப்பக்கத்தை முதல்ல விட்டு..."

"என்னை என்ன திருக்கை மீன் எண்டு நினைச்சியளோ?"

"இல்லை ஜசிந்தா, மெதுவாத்தான். நீர் மூச்சை மட்டும் இழுத்துப் பிடிச்சால்..."

"தாஸண்ணை, உங்களுக்கு மனுசத்தன்மை எண்டு ஒண்டு இருக்கே?" எமிலி சீறினாள். "நேரம் போகுது. ஆஸ்பத்திரியில உங்கட மூக்கைப் பாத்துக்கொண்டு இருப்பினமே?"

"மூக்குச் சரிதான். உம்மட வாயைத்தான் அடைச்சிருக்க வேணும்" என்றார் படலையிலிருந்து தம்பிஐயா.

அன்ரனிதாஸ் கதவு இருந்த இடத்தைத் தடவினார். வழுவழுவென்று, இடுக்கில்லாமல், குழந்தையின் கன்னம்போல இருந்தது. "இவ்வளவு சுத்தமான ஒட்டு நான் இதுவரைக்கும் போட்டதில்லை" என்று முணுமுணுத்தார். அவர் கண்ணில் உண்மையாகவே நீர் முட்டியது. மனுசியின் முழங்காலுக்கு ஒருநாளும் வராத நீர்!

ஜசிந்தா அதைக் கண்டாள். கோபிக்கவில்லை, கத்தவில்லை. கையை நீட்டி, சிவப்புப் பூச்சின்மேல், தன் தகப்பன் பிடித்த கைப்பிடி ஒரு காலத்தில் இருந்த இடத்தில் வைத்தாள். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததுபோல் வந்தது.

"இந்தக் கதவைத் திறந்துதான் அப்பா என்னை உங்களிட்டைத் தந்தவர். யன்னலால தரேல்லை."

எமிலி முந்தானையால் வாயைப் பொத்தினாள். தம்பிஐயா பால் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்ரனிதாஸ் கொட்டிலுக்குள் போய் வெட்டுகிற மெசினை எடுத்துக்கொண்டு வந்தார்.

மெசின் கத்தியது. வெள்ளைத் தூள் பறந்து ஜசிந்தாவின் சீலையிலும் எண்ணெய் வைத்த தலையிலும் விழுந்தது. அவள் அசையவில்லை. மேற்பக்கம், இரு பக்கம், கீழ்ப்பக்கம் என்று வெட்டி முடித்து, அவர் தோளால் ஒரு இடி இடித்து இழுக்க, பின்கதவு அந்தப் பழைய கிறீச்சலோடு திறந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான் ஜசிந்தாவின் கண்ணீர் உடைந்தது.

எமிலியும் தம்பிஐயாவும் தாங்கிப் பிடிக்க, அவள் நங்கூரத்தைத் தாண்டி ஏறி, பின் ஆசனத்தில் சாய்ந்து இரண்டு காலையும் நீட்டினாள். எமிலி அந்தப் பாதங்களைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கெதியா வாருங்கோ தாஸண்ணை. பண்ணைப் பாலம் தாண்டவே நேரம் சரியாயிருக்கும்."

"ஓம் ஓம், வாறன்."

அன்ரனிதாஸ் கதவைச் சாத்தினார். ஆனால் யன்னலால் ஏறுவதற்கு முன்பக்கம் போகவில்லை. அங்கேயே குந்தி, ஒரு கண்ணைப் பொத்தி, வெட்டிய விளிம்பை மறு கண்ணால் பார்த்தார். பிறகு பெருவிரலையும் சின்னவிரலையும் அகல விரித்து, பைபர் பாய்க்குக் கணக்குப் போட்டு உதடு அசைய, கதவைச் சுற்றிச் சாண் சாணாக அளக்கத் தொடங்கினார்.